கெந்திங்கில் பாட்டி உட்கார்ந்த பெஞ்சு

கோலாலம்பூருக்குப் பக்கத்து மலை வாசஸ்தலமான கெந்திங் என்றால் எங்கள் வீட்டில் டிசம்பர். பள்ளி மூடியிருக்கும், பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடந்து அம்மாவின் உயிரை வாங்கிக்கொண்டிருப்போம், அப்போது ஒரு சனிக்கிழமை ராத்திரி அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே "நாளைக்கு மலைக்குப் போவோமா?" என்பார். அவ்வளவுதான், அன்றைக்கு யாருக்கும் தூக்கம் கிடையாது. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் பின்வரிசையில் இருந்த மாமாவிடம் ஒரு வேன் இருந்தது. அதில் அவர் குடும்பம், எங்கள் குடும்பம், பெரியம்மா பிள்ளைகள் என்று ஒருவர் மடியில் ஒருவராக ஏறுவோம். அம்மா விடிகாலை நான்கு மணிக்கே எழுந்து புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் செய்து முடித்திருப்பார். பாட்டி ஒரு பையில் ஸ்வெட்டர்களை அடுக்குவார், இன்னொரு பையில் ஆசாம்போய் என்கிற உப்பும் புளிப்புமான காய்ந்த பழம், கோடாலித் தைலம், பழைய செய்தித்தாள். செய்தித்தாள் எதற்கு என்று கெந்திங் ரோட்டில் வாந்தி எடுத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போன மாதம் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் என் மகனையும் கூட்டிக்கொண்டு மறுபடி போய் வந்தேன். வந்ததிலிருந்து மனதில் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, அதை எழுதாமல் விட முடியவில்லை.

முதலில் பழையதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கோம்பாக்கைத் தாண்டி காராக் நெடுஞ்சாலையில் ஏறி, கெந்திங் செம்பாவில் பிரிந்தால் அதற்கு மேல் முழுக்க ஏற்றமும் வளைவும்தான். அந்த ரோட்டைப் போட்ட கதையை அப்பா ஒவ்வொரு வருஷமும் சொல்வார். லிம் கோ தோங் என்ற குத்தகையாளர் கேமரன் மலையில் மின்சாரத் திட்ட வேலை செய்துகொண்டிருந்தபோது, அந்தக் குளிரை அனுபவித்துவிட்டு, இதே மாதிரி ஒரு மலை வாசஸ்தலம் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். 1965-ல் காட்டை வெட்டி ரோடு போட ஆரம்பித்தார்கள், அதற்கே ஏறக்குறைய நான்கு வருஷம் ஆனது. 1969-ல் அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வந்து முதல் ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்டினார், 1971-ல் ஹோட்டல் திறந்தது. அப்பா லோரி ஓட்டியவர். ஆறாயிரம் அடி உயரத்துக்கு ஜல்லியும் சிமெண்டும் ஏற்றிப் போன டிரைவர்களை நினைத்து அவர் ஒவ்வொரு வளைவிலும் தலையை ஆட்டுவார்.

மேலே போய் இறங்கினால் முதலில் குளிர். செந்தூல் தகரக் கூரையின் கீழ் வெந்துகொண்டிருந்த எங்களுக்கு, வாயைத் திறந்தால் புகை வருவதே பெரிய விளையாட்டு. அப்புறம் வெளிப்புறப் பூங்கா. ஏரியைச் சுற்றிச் சுற்றி எல்லாம் இருக்கும். படகு, டைனோசர்கள், தலைக்கு மேலே ஊர்ந்து போகும் மோனோரயில், கோ-கார்ட், எல்லாவற்றுக்கும் ராஜாவாகக் கார்க்ஸ்க்ரூ என்ற ரோலர் கோஸ்டர். மரக்கட்டைப் படகில் உட்கார்ந்து மேலிருந்து தண்ணீருக்குள் விழுகிற ஒன்று உண்டு, அதற்குப் பெயர் சுங்கை ரெஜாங். சரவாக்கில் ஓடுகிற நம் நாட்டின் மிக நீளமான ஆற்றின் பெயர். ராட்டினத்துக்கு மாத்தாஹாரி, அதாவது சூரியன் என்று பெயர். பாதி நாள் சூரியனே கண்ணில் படாத மலையில் ஒரு சூரியன் மூட்டத்துக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நான்காம் வகுப்பில் ஆசிரியர் ரெஜாங் ஆற்றைப் பற்றிக் கேட்டபோது வகுப்பில் முதலில் கையைத் தூக்கியது நான்தான். கெந்திங்கில் அதில் நனைந்திருக்கிறேன் என்று சொன்னேன்.

மூட்டம் இறங்கிவிட்டால் கார்க்ஸ்க்ரூவின் இரும்புச் சுருள் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாக ஒரு சுவர், அதற்குள்ளிருந்து கடகடவென்று சக்கரச் சத்தம், அப்புறம் இருபது பேர் ஒன்றாக அலறுவது மட்டும் வரும். அலறல் இடப்பக்கம் ஆரம்பித்து வலப்பக்கம் போய் முடியும். வரிசையில் நிற்கிற நாங்கள் அதைக் கேட்டே நடுங்குவோம். எத்தனையோ ரோலர் கோஸ்டர் பார்த்துவிட்டேன், கண்ணுக்குத் தெரியாமல் பயமுறுத்திய கோஸ்டர் அது ஒன்றுதான்.

நான் சொல்ல வந்தது பாட்டியைப் பற்றி. பாட்டி எதிலும் ஏற மாட்டார். ஏரி ஓரத்தில் ஒரு பெஞ்சைப் பிடித்து, எல்லாப் பைகளையும் சுற்றி வைத்துக்கொண்டு, சேலைக்கு மேலே தாத்தாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டு, தலையில் மப்ளரைக் கட்டி உட்கார்ந்துவிடுவார். "நீங்க போங்கடா, நான் பைய பாத்துக்கிறேன்" என்பார். ஆனால் அவர் பையைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார். அங்கிருந்து ஏறக்குறைய எல்லாமே தெரியும். படகு அவர் முன்னால் வரும்போது நாங்கள் கத்துவோம், அவர் கை காட்டுவார். மோனோரயில் மேலே வரும்போது ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு கை காட்டுவோம், அவர் நிமிர்ந்து கை காட்டுவார். கார்க்ஸ்க்ரூவில் அண்ணன் ஏறிய அன்று பாட்டி எழுந்தே நின்றுவிட்டார். தொடக்கத்தில் பெட்டி மெதுவாக மேலே ஏறும் இடத்தில் அண்ணனின் சிவப்புத் தொப்பி தெரிந்தது, அது உச்சிக்குப் போய் மறைகிற வரைக்கும் பாட்டி கையை இறக்கவே இல்லை, வாயில் முருகா முருகா என்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் இறங்கி வந்து, "பாட்டி, மேலேருந்து உங்களத்தான் பாத்தேன்" என்றான். பாட்டிக்கு அந்தப் பயணம் அதுதான். அவரிடம் கேட்டால் கெந்திங்கில் நன்றாகச் சுற்றினேன் என்றுதான் சொல்வார், அது பொய்யும் இல்லை.

மழை வந்தால் எல்லாம் நின்றுவிடும். அப்போது ஒரு கூரைக்குக் கீழே ஒதுங்கி, புளிச்சோற்றைப் பிரித்து, பக்கத்தில் ஒதுங்கி நிற்கிற குடும்பத்துக்கும் கொஞ்சம் கொடுத்து, எங்கிருந்து வந்தீர்கள் என்று பேசி, அவர்கள் ஈப்போவில் நமக்குத் தூரத்துச் சொந்தம் என்று கண்டுபிடிக்கிற அளவுக்குப் போய்விடும்.

இன்னொன்று, உயரம் அளக்கும் பலகை. ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் நிற்கும். அதைத் தொட்டால்தான் ஏற விடுவார்கள். எங்களுக்குப் பள்ளி ரிப்போர்ட் கார்டைவிட அந்தப் பலகைதான் முக்கியம். ஒரு டிசம்பரில் என் தலை கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. காலணிக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துப் பார்த்தேன், வாசலில் நின்ற ஊழியர் சிரித்துக்கொண்டே "அடுத்த வருஷம் வா" என்று அனுப்பிவிட்டார். அடுத்த வருஷம் போனேன், கோட்டைத் தாண்டியிருந்தேன். அப்பா என் தலையில் உள்ளங்கையை வைத்துப் பலகையோடு சேர்த்து அழுத்தி, "தாண்டிட்டா!" என்று சத்தமாகச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

சரி, அந்தப் பூங்கா 2013 செப்டம்பர் 1-ஆம் தேதி மூடப்பட்டது, மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர தினத்துக்கு, மறுநாள். இடித்துவிட்டு உலகத் தரத்தில் புதிதாகக் கட்டுகிறோம் என்றார்கள். டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் என்ற ஹாலிவுட் படக் கம்பெனியின் பெயரில் வரப்போவதாக இருந்தது, திறப்பு தள்ளிக்கொண்டே போனது. நடுவில் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கப் போக, 2018-ல் விஷயம் அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போய், 2019-ல் சமரசம் ஆனது. கடைசியில் ஸ்கைவோர்ல்ட்ஸ் என்ற பெயரில் 2022 பிப்ரவரி 8-ல் திறந்தது. எட்டரை வருஷம். 2013-ல் நான்கு வயதாக இருந்த பிள்ளை கதவு திறக்கும்போது இடைநிலைப்பள்ளிக்குப் போகத் தயாராக நிற்கிறது. அந்த வயதுப் பிள்ளைகள் ஒரு கூட்டமே அந்தப் பலகையைத் தொடாமல் வளர்ந்துவிட்டார்கள். என் அக்கா மகள் அதில் ஒருத்தி. எனக்கு உண்மையிலேயே வருத்தம் இதில்தான் அதிகம்.

புதிய பூங்கா மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஹாலிவுட் படங்களை ஒட்டி ஒன்பது உலகங்கள், ஒவ்வொன்றும் கட்டடம், பாட்டு, விளக்கு எல்லாம் சேர்த்து இழைத்து வைத்திருக்கிறார்கள். 26 ஏக்கரில் இவ்வளவையும் மலை உச்சியில் கட்டுவது சின்ன வேலை இல்லை. என் மகன் காலையிலிருந்து சாயந்தரம் வரை தரையில் கால் வைக்கவில்லை. பெரிய திரைக்கு முன்னால் காலைத் தொங்கவிட்டுப் பறக்கிற ஒன்றில் நானும் ஏறினேன், வயிறு வாய்க்கு வந்துவிட்டது. பெரிய விளையாட்டுகளில் பல கூரைக்குள் இருட்டில் நடப்பதற்குக் காரணமும் புரிகிறது. அந்த மலையில் மழையும் மூட்டமும் தினசரி விஷயம், வெளியே வைத்தால் பாதி நாள் நிறுத்தி வைக்க வேண்டும். பணம் கொடுத்து ஏறி வந்தவர்களுக்கு அது நியாயமில்லை.

ஆனால் இருட்டுக்குள் போனவனை வெளியே நிற்பவர் பார்க்க முடியாது. இதுதான் என்னை உறுத்துவது. அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது, முட்டி வலி, எதிலும் ஏற முடியாது. அதாவது பாட்டியின் இடத்துக்கு அம்மா வந்துவிட்டார். மகன் ஒரு கட்டடத்துக்குள் போவான், கதவு மூடும், அரை மணி நேரம் கழித்து இன்னொரு கதவு வழியாக வருவான். அம்மா அந்த நேரம் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள என்னப்பா இருந்துச்சு?" என்று கேட்டார், அவனும் கையை ஆட்டி ஆட்டி விவரித்தான், பாவம் பிள்ளை நன்றாகத்தான் சொன்னான். ஆனால் கேட்பதும் பார்ப்பதும் ஒன்றில்லை. வெளியே இருக்கிற சில விளையாட்டுகளில் மட்டும் அம்மாவின் முகம் மாறியது. தண்டவாளத்தில் சுழன்று ஓடுகிற ஒன்றில் அவன் ஏறியபோது கம்பி ஓரமாகப் போய் நின்றுகொண்டு, அவன் பெட்டி எது என்று தேடி, கண்டுபிடித்து, இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

பூங்கா என்றால் ஏறுகிறவர்களுக்கு மட்டும் இல்லை. ஒரு குடும்பத்தில் பாதிப் பேர் ஏற மாட்டார்கள். கைக்குழந்தைக்காரி, கர்ப்பிணி, சர்க்கரைக்காரர், பயந்தவர், பாட்டி. பழைய பூங்காவில் அவர்கள் எல்லாரும் பார்வையாளர்களாக இருந்தார்கள், அவர்கள் பார்க்கிறார்கள் என்பதால்தான் எங்களுக்கு ஏறுவதில் அத்தனை பெருமை. யாருமே பார்க்காமல் கார்க்ஸ்க்ரூவில் ஏற அண்ணனுக்குத் தைரியம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பழைய பூங்காவை வரைந்தவர் இதையெல்லாம் யோசித்துச் செய்தாரா, ஏரி நடுவில் இருந்ததால் தானாக அமைந்ததா, எதுவானாலும் அது நன்றாக அமைந்திருந்தது.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது அங்கே சென்ட்ரல் பார்க் இருக்கிறது, லிபர்ட்டி லேன் இருக்கிறது. நியூயார்க்கைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது சந்தோஷம்தான். ரெஜாங் ஆற்றுக்கு மட்டும் ஒரு மூலையில் இடம் கொடுத்திருக்கலாம். பகாங் மலையில் உட்கார்ந்துகொண்டு சரவாக் ஆற்றில் நனைவது வேறு எந்த நாட்டுப் பூங்காவிலும் கிடைக்காத ஒன்று, அதை நாமே விட்டுவிட்டோம்.

சாயந்தரம் அவானா ஸ்கைவே என்ற கேபிள் காரில் இறங்கினோம். 2016-ல் வந்தது, மேலிருந்து அவானா வரைக்கும் 2.8 கிலோமீட்டர், நடுவில் சின் சுவீ குகைக் கோயிலில் ஒரு நிறுத்தம். பெட்டி நகர்ந்ததும் அம்மா தன் பையிலிருந்து ஆசாம்போய் எடுத்துப் பேரனிடம் நீட்டினார், வளைவும் இல்லை, வாந்தியும் இல்லை, இருந்தாலும் கெந்திங் என்றால் அது வேண்டும். கீழே முழுக்கக் காடு, மூட்டம் மரத்து உச்சிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. "அந்த மோனோரயில் எந்தப் பக்கமா போச்சு?" என்று கேட்டார் அம்மா. நான் திரும்பிக் கட்டடங்களைப் பார்த்தேன், எனக்கு இடம் பிடிபடவில்லை. அப்போது எதிர்க் கம்பியில் ஒரு பெட்டி ஏறி வந்தது, உள்ளே ஒரு சீனக் குடும்பம், அதில் ஒரு குட்டிப் பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எங்களைப் பார்த்துக் கை காட்டினாள். அம்மா ஆசாம்போய்ப் பொட்டலத்தை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். அந்தப் பெட்டி மூட்டத்துக்குள் போகிற வரைக்கும் இறக்கவில்லை.