தரைக்கல்லில் ஒரு கடல்

காத்திருக்கும் கூடத்தில் காலடியில் ஒரு சுருள். மெருகேற்றிய வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல்லுக்குள் குறுக்காக வெட்டுப்பட்ட அம்மோனைட்: கணவாய்க்கு உறவான, எப்போதோ அழிந்துபோன, சுருள் ஓடுள்ள கடலுயிரியின் புதைபடிவம்.

குனிந்து பார்த்தேன். உள்ளறைகளைப் பிரிக்கும் சுவர்கள்கூட ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. சில அறைகளில் சேறு புகுந்து இறுகியிருக்கிறது. மற்றவற்றில் கால்சைட் படிகம் பளபளக்கிறது.

ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த ஜூரா கல்லாம். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அது வெதுவெதுப்பான ஆழமற்ற கடல்.

அதே பகுதியில், இதைவிடச் சற்று இளைய அடுக்குகளில்தான் புகழ்பெற்ற சோல்ன்ஹோஃபென் கல் இருக்கிறது. அங்கே திட்டுகளுக்கு நடுவே அடைபட்ட காயல்கள். அடித்தண்ணீரில் உப்பு மிகுதி, ஆக்ஸிஜன் குறைவு. விழுந்த உடலைத் தின்ன எதுவும் உயிரோடு இல்லை. மென்மையான சுண்ணாம்புச் சேறு மெல்ல மூடியது. தும்பியின் சிறகு நரம்புவரை பதிந்தது அப்படித்தான்.

அங்கே கிடைத்த ஒரு குதிரைலாட நண்டை என்னால் மறக்கவே முடியாது. சுமார் 9.7 மீட்டர் நீளத்துக்கு அதன் காலடித் தடம். தடத்தின் முடிவில் நண்டே கிடக்கிறது.

1861-இல் ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற, டைனோசருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட இறகுள்ள உயிரி வெளிப்பட்டதும் இந்தக் கல்லில்தான். படங்களை அச்சிட உதவும் அச்சுக்கல்லுக்காக அடுக்கடுக்காகக் கையால் பிரித்தார்கள், அதனால் கண்ணில் பட்டது. அப்படியே உடைத்து அரைத்துவிடும் சுண்ணாம்புச் சுரங்கங்களில் எத்தனை போயிருக்குமோ? நினைத்தாலே பதறுகிறது.