மைலேஜா, மலைப்பாதையா? கார் தேடும் நாட்குறிப்பு

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

எங்கள் பழைய ஸ்விஃப்ட் டீசலுக்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. ஃபியட் வடிவமைத்த அந்த 1.3 லிட்டர் இன்ஜினில், வண்டியை இழுக்கும் முறுக்குவிசை (டார்க்) 190 நியூட்டன் மீட்டர். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று தாண்டியதும் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பிடித்துக்கொண்டு இழுக்கும் இழுப்பு இருக்கிறதே, அதை இன்றைக்கும் ரசிக்கிறேன். அப்படி ஓட்டியும் ஹைவேயில் லிட்டருக்கு இருபது கொடுத்துவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. இனி பெட்ரோல் காரில் எதை விட்டு எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டும்.

எங்கள் ஓட்டம் இதுதான்: வாரநாளில் கோவைக்குள் ஆபீஸ், பள்ளிக்கூடம். அப்புறம் மாமனார் வீட்டுக்கு வால்பாறை. எல்லாம் சேர்த்து வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் வரும்.

செப்டம்பர் 11, புதன்

புது ஸ்விஃப்ட் மேனுவலுக்கு லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அது ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம்) சோதனையின் எண். உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்து, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் எடுப்பது. ஏற்றமும் கிடையாது, அவிநாசி ரோட்டு சிக்னலும் கிடையாது. கார்களை ஒப்பிட அது உதவும். மாதச் செலவு போட உதவாது.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை விட, வருடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பதே சரி. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 10 கொடுக்கும் கார் 1,000 லிட்டர் குடிக்கும், 12.5 கொடுப்பது 800. இரண்டரை கூடியதற்கே 200 லிட்டர் மிச்சம். ஆனால் 18 கொடுக்கும் காருக்குப் பதில் 22 கொடுப்பதை வாங்கினால் மிச்சம் 100 லிட்டர்தான். மைலேஜ் ஏற ஏற ஒவ்வொரு கிலோமீட்டரும் மிச்சப்படுத்துவது குறைந்துகொண்டே போகிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட் ஓட்டிப் பார்த்தேன். ஏஆர்ஏஐ கணக்கில் 27.97. நெரிசலில் பெரும்பாலும் மோட்டாரிலேயே சத்தமில்லாமல் நகர்கிறது. பிரேக் பிடிக்கும்போது பேட்டரியும் ஏறுகிறது. ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஏற்றத்தில் அழுத்தினால் இன்ஜின் ஒரே குரலில் கத்துகிறது, வேகம் தன் போக்கில் வருகிறது. கியர் மாற்றும் சுகம் எனக்கு வேண்டும். இது வேண்டாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நண்பரின் ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line) டர்போ பெட்ரோல் மேனுவல், மச்சானுக்குத் தெரிந்தவரின் புது ஸ்விஃப்ட். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினோம். வால்பாறைக்கு ஏறும், நாற்பது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை.

ஸ்விஃப்டின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. இறக்கத்தில் அது தெரிகிறது: ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்பிவிடுகிறது. ஏற்றத்தில் நாலு பேரும் ஏசியும் என்றால் கதை வேறு. 112 நியூட்டன் மீட்டர்தான். வளைவு முடிந்து இரண்டாம் கியரில் திணறி, பல இடத்தில் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. என் லைனில் 172. டர்போ பிடிக்கும் வரை ஒரு நொடி காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் கியரிலேயே எடுத்துக்கொண்டு போகிறது. ஒன்பதாவது வளைவில் இறங்கி ஆழியாறு அணையைப் பார்த்தபோதும் எனக்கு அந்த இன்ஜின் நினைப்புதான்.

ஏற்றத்தில் பாதி தூரம் என் லைனை மனைவி ஓட்டினாள். அவள் சொன்னது: "மேல போகும்போது அந்த லாரியைத் தாண்டினப்ப எனக்கு பயமே வரலைங்க. நம்ம பழைய வண்டில கூட இவ்வளவு தைரியமா தாண்டினதில்ல." ஓட்டும் சுகம் என்றதும் நான் வேகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே வண்டி வருவதற்குள் முந்தி முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அதில் சேர்த்தி.

ஒரு விஷயம்: பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டுபவர்கள் தயவுசெய்து அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள். வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டரே எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் சும்மா ஓடுவதற்குப் பெட்ரோல் செலவாகும், இன்ஜின் பிரேக்கிங்கும் போய்விடும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கணக்கு போட்டோம். எங்கள் ஓட்டத்துக்கு ஸ்விஃப்ட் சராசரி 18, என் லைன் 12.5 என்று வைத்தால், வருடத்துக்கு 555 லிட்டர், 800 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் வித்தியாசம் சுமார் 25,000. மாதம் இரண்டாயிரம் சொச்சம். அந்த ஏற்றத்துக்கு அதைக் கொடுக்க எனக்கும் அவளுக்கும் மனமிருக்கிறது. ஊருக்குள் என் லைனின் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்து, பரவாயில்லை என்றார்.

அக்டோபர் 12, விஜயதசமி

என் லைன் மேனுவலுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டோம்.

மச்சானும் அதே கணக்கைத் தன் ஓட்டத்துக்குப் போட்டுப் பார்த்தான். தினமும் திருப்பூர் போய் வருபவன். வருடத்துக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர். அவனுக்கு வித்தியாசம் 74,000 ரூபாய்க்கு மேல் வந்தது. "மாமா, நான் மலைக்கு வரும்போது உங்க வண்டில வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்விஃப்டுக்கு அட்வான்ஸ் கட்டப் போய்விட்டான். அவன் முடிவும் சரிதான்.