வளாகத்தில் இருக்கிறேன், வீட்டுத் திண்ணையிலிருந்து

விடுமுறைக்கு ஊருக்கு வந்து நான்கு நாட்களாகின்றன. ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்கு ஒரே ஒரு கட்டுரை வேண்டும். விடுதி அறையில் ஒரே சொடுக்கில் திறந்த அதே ஆய்விதழ், இங்கே என்னிடம் பணம் கேட்கிறது. ஆளும் அதே ஆள், மடிக்கணினியும் அதே மடிக்கணினி!

இதழின் தளத்துக்கு என் முகம் தெரியாது. எந்த ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்புக்கு உரிய எண்) வருகிறேன் என்றுதான் பார்க்கிறது. வளாகத்து முகவரி என்றால் கதவு திறக்கும். வெளியே இருப்பவரை வளாகத்து வலையமைப்பில் சேர்க்கும் வி.பி.என். செய்வதும் அவ்வளவுதான்: இங்கிருந்து பல்கலைக்கழகச் சர்வர் வரை மறைகுறியாக்கிய ஒரு பாதை, அங்கிருந்து வளாகத்து முகவரியோடு வெளியே பயணம். (விளம்பரத்தில் வரும் இலவச வி.பி.என். செயலிகள் இதற்கு உதவாது. அவை வேறு ஏதோ ஊர் முகவரியைத் தரும், நூலகத்தைத் தராது.)

இணைத்த பிறகும் பணம் கேட்டது. அரை நாள் போயிற்று. சலித்துப்போய் நூலகத்து அண்ணனை அழைத்தேன்.

"தம்பி, 'ஸ்பிளிட் டனல்' போட்டிருப்பாய். அதில் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளங்கள் மட்டும்தான் வி.பி.என். வழியாகப் போகும். இதழ் உன் வீட்டு இணைப்பிலேயே போகிறது. முழு டனலுக்கு மாற்று."

மாற்றினேன், திறந்தது. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியது முப்பது பக்கம். பாதி இறங்கியபோது மின்சாரம் போய்விட்டது. திண்ணையில் விசிறியோடு காத்திருக்கிறேன்.