பொங்கல் குழம்பு சுண்டுகிற நாட்கள்

15.1.2025, புதன், இரவு

குழம்பைக் கொதிக்க வைத்து இறக்கினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். இப்போது இதற்கு மேல் எழுத முடியாது.

16.1.2025, வியாழன்

ஆஸ்பத்திரியில் போய் நின்றதும் அம்மா கேட்டது, "சுண்ட வச்சியா?"

"வச்சேம்மா."

"கரண்டியில ஈரம் இல்லையே?"

முறிந்த காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அசையக் கூடாது. அசையாமல் படுத்தபடியே அடுப்படியை நடத்துகிறாள்.

வீடு முழுக்கப் பொங்கல் மிச்சம். மாட்டுப் பொங்கலுக்கும் சேர்த்து ஆக்கியது. சாப்பிட வர வேண்டியவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி வாசலுக்குத்தான் வந்தார்கள். கல்சட்டியில் முக்கால்வாசி குழம்பு. ஒரு தூக்கு நிறையப் பரங்கிக்காய்க் கூட்டு. சர்க்கரைப் பொங்கல் ஒரு பானை, வெள்ளைப் பொங்கல் அதைவிட அதிகம். உளுந்து வடை பதினான்கு. வாசலில் சார்த்திய கரும்பு ஆறு கழி.

வெள்ளைப் பொங்கலை மாட்டுக்கே வைத்துவிடேன் என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார்கள். அம்மா ஒரு பிடிக்கு மேல் வைக்க விடமாட்டாள். அரிசிச் சோறு நிறையத் தின்றால் வயிற்றுக்குள் புளித்து, உப்பி, மாடு படுத்துவிடும். பொங்கலுக்கு மறுநாள் கால்நடை டாக்டரைத் தேடி ஓடுகிற வீடு ஊருக்கு ஒன்றாவது இருக்கும். அதனால் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். இரண்டு நாளைக்குப் பழையது கவலை இல்லை. வடையை வெந்நீரில் நனைத்து, பிழிந்து, தயிரில் போட்டேன்.

குழம்புதான். "தேங்கா அரைச்ச கூட்டை அதுல கலந்துடாதே" என்று இரண்டு தடவை சொன்னாள். தெருவில் எல்லா வீட்டிலும் மிஞ்சிய குழம்பு, கூட்டு, பொரியல் மூன்றையும் ஒன்றாகக் கொட்டிச் சுண்ட வைப்பார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. தேங்காய் முதலில் ஊசும், அப்புறம் பருப்பு. அம்மா பொங்கலன்று வைக்கிற குழம்பில் இரண்டும் கிடையாது. பச்சை மொச்சை, பரங்கிக்காய், வாழைக்காய், அவரைக்காய், கத்தரிக்காய், கருணைக்கிழங்கு, சக்கரவள்ளிக்கிழங்கு. கெட்டிப் புளி, மிளகாய்த்தூள், கை தாராளமாக நல்லெண்ணெய். வைக்கும்போதே சுண்டுவதற்கு என்று வைக்கிற குழம்பு அது. உப்பைக்கூட முதல் நாள் ஒரு கல் குறைத்துத்தான் போடுவாள். சுண்டச் சுண்ட உப்பு ஏறும் அல்லவா.

கிளம்பும்போது சொன்னாள், "தம்பி வர்ற வரைக்கும் இருக்கணும்."

குழம்பைத்தான் சொன்னாள்.

17.1.2025, வெள்ளி

காவேரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஐந்து பாலம், வரும்போது ஐந்து. இருட்டிய பிறகு எந்த ஆறு என்று தெரியாது, பாலத்தில் பஸ் சத்தம் மாறுவதை வைத்துத்தான் எண்ணுகிறேன்.

அம்மா இதயத்துக்காகச் சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்தி ஐந்து நாளாவது ஆக வேண்டுமாம். ரத்தத்தை உறைய விடாத மாத்திரை அது. அதற்கு முன்னால் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைக்க முடியாது. ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருக்கிறார்கள்.

கூட்டு இன்றோடு தீர்ந்தது. நல்லவேளை.

18.1.2025, சனி

தியாகராஜர் ஆராதனை. விடிந்ததிலிருந்து திருவையாற்றுப் பக்கமிருந்து காற்றில் பாட்டு. பஞ்சரத்தினக் கீர்த்தனை தொடங்கும் நேரத்தில் பஸ்ஸுக்கு நின்றேன், கூட்டத்தில் ஒரு மணி நேரம் நகரவில்லை. எல்லார் முகமும் நிறைந்து இருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்கள் மேல் என்ன தப்பு.

போவதற்கு முன்னால் சர்க்கரைப் பொங்கலை முடித்தேன். நாலு நாளாக ஃபிரிட்ஜில் இருந்து இறுகிப்போயிருந்தது, அதுதான் உருட்டுவதற்குச் சரியான பதம். முந்திரியும் திராட்சையும் உள்ளேயே இருக்கின்றன. எலுமிச்சை அளவு உருட்டி, இட்லி மாவில் கொஞ்சம் பச்சரிசி மாவு போட்டுக் கெட்டியாக்கி, முக்கி, எண்ணெயில் போட்டேன். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் மாவு பிரிந்து வெல்லம் வெளியே வந்து சட்டியெல்லாம் கருகும். முதல் இரண்டு அப்படித்தான் போயின. மற்றது சுழியம் மாதிரியே வந்தது. முப்பத்திரண்டு. வார்டில் துணைக்கு இருக்கிறவர்களுக்குக் கொடுத்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. ஒன்றைக் கையில் வாங்கி, விண்டு பார்த்து, "ஏலக்காய் தூக்கலா இருக்கு" என்று சொல்லித் திருப்பித் தந்தாள்.

இரவு வீட்டுக்கு வந்தால் சித்தி சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். நாள் முழுக்க மாட்டைப் பார்த்துக்கொண்டது அவர்தான். ஆனால் கழுவிய கரண்டியை அப்படியே, தண்ணீர் சொட்டச் சொட்டச் சட்டிக்குள் விட்டிருக்கிறார். "அதுக்கென்னடி, சூடு பண்ணிக்கலாம்." கத்திவிட்டேன். தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்து, தளதளவென்று கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, தணலிலேயே இறக்காமல் வைத்தேன்.

19.1.2025, ஞாயிறு

மழை. பத்து நாளில் அறுக்க வேண்டிய சம்பா. வயல் காயாவிட்டால் டயர் வைத்த அறுப்பு மெஷின் இறங்காது, பெல்ட் மெஷின்தான், அதற்கு வாடகை கூட. நெல்லில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். இதை யாரிடமும் இப்போது பேச முடியவில்லை.

காலையில் தட்டைத் திறந்தால் ஓரத்தில் நுரை. மொச்சைப் பருப்பு அளவுக்கு நாலைந்து குமிழ். ஒன்றை ஊதினேன், உடையவில்லை.

அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு குழம்பு. கீழே ஊற்றிவிட்டு வேறு வைத்தால் போகிறது. அதே காய், அதே புளி, கைப்பக்குவமும் முக்கால்வாசி வந்துவிடும். தம்பிக்கு வித்தியாசம் தெரியாது என்றுகூடச் சொல்லலாம். எனக்குத் தெரியும். இந்தச் சட்டியில் இருக்கிற அவரைக்காய் ஒவ்வொன்றையும் திண்ணையில் உட்கார்ந்து நார் எடுத்தது அவள். அடுத்த வருடம் திண்ணையில் உட்கார முடியுமா, கீழே உட்கார்ந்து எழ முடியுமா என்று டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. நுரையைப் பார்த்துக்கொண்டு அதைத்தான் நினைத்தேன்.

மோந்து பார்த்தேன். புளி வாசனைதான். காய்ந்த கரண்டியால் எடுத்து மேலிருந்து விட்டேன். ஊசிப்போனது மாதிரி நூலாக இழுக்கவில்லை, சொட்டுச் சொட்டாக விழுந்தது.

அம்மாவிடம் மறைக்கலாம் என்றுதான் போனேன். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"நூல் விட்டுச்சா?"

"இல்லம்மா."

"அப்ப பரங்கிக்காய் கரைஞ்சு வர்ற நுரைதான். கொட்டைப்பாக்கு அளவு புளியை வெந்நீர்ல கரைச்சு ஊத்தி, பச்சை வாசனை போகக் கொதிக்க வை. ரெண்டு கரண்டி நல்லெண்ணெய் விடு." கொஞ்ச நேரம் பேசவில்லை. "நூல் விட்டா மட்டும் யோசிக்காதே. கொல்லையில கொட்டிடு. கொட்டினாலும் ஒண்ணும் இல்ல, பாப்பா."

பாப்பா என்று கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

வரும்போது பாலம் எண்ணவில்லை. சித்தி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கரும்பு மூன்று கழி கொடுத்துவிட்டு வந்தேன்.

20.1.2025, திங்கள்

நுரை இல்லை.

காய் எதுவும் தனியாகத் தெரியவில்லை. பரங்கியும் கிழங்கும் கரைந்து அல்வா மாதிரி உருளுகிறது, மொச்சை மட்டும் முழுசு முழுசாக மின்னுகிறது. நிறம் புளியங்கொட்டைத் தோல். ஒவ்வொரு நாள் குழம்பு நின்ற மட்டமும் சட்டியின் உள்பக்கத்தில் ஒரு கோடு விட்டிருக்கிறது. மேலே மஞ்சளாக, கீழே வர வரக் கறுப்பாக. விரலால் தடவினால் எண்ணெயும் உப்பும். ஆறு கோடு.

தம்பி விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் கூப்பிட்டான். விடியற்காலையில் திருச்சி. அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. "அக்கா, எதுவும் ஆக்காதே, அலையாதே, நான் வெளியில சாப்பிட்டுக்கறேன்" என்றான். சரி என்று சொன்னேன்.

அம்மாவுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது.

21.1.2025, செவ்வாய்

மூன்றேகால். தூக்கம் இல்லை. நேற்று ராத்திரி ஊற வைத்த சோற்றைப் பிழிந்து தயிர் விட்டுத் தூக்கில் போட்டாச்சு. சின்ன வெங்காயம் எட்டு உரித்தேன். குழம்பைச் சூடு காட்டி எவர்சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டேன். இரண்டு கரண்டி வந்தது.

அடியில் ஒட்டியிருப்பதை வழிக்கவில்லை. அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, எங்கள் இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்து, மாற்றி மாற்றி உள்ளங்கையில் உருண்டை வைப்பது அம்மா செய்கிற வேலை. தட்டைப் போட்டு மூடி ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். கல்சட்டியை உள்ளே வைக்க இரண்டு தட்டை எடுக்க வேண்டியிருந்தது.

மழை விட்டிருக்கிறது. பால் கறந்துவிட்டுக் கிளம்பினால் முதல் பஸ் கிடைக்கும்