பேக்கரி செய்முறைத் தேர்வில் கப்பும் கிராமும்

புதுச்சேரியில் கேட்டரிங் படித்தபோது பேக்கரி செய்முறைத் தேர்வில் ஒருமுறை தோற்றேன். கேக் செய்யத் தெரியாமல் இல்லை, அளவு மாறிப்போனது. இந்த வருடம் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வந்தது எளிய கேக். மைதா, சர்க்கரை, வெண்ணெய் தலா 250 கிராம், முட்டை 5. பத்துப் பேருக்கு ஒரே தராசு, வரிசை நகரவே இல்லை. மேசையில் 250 மில்லி கப் ஒன்று இருந்தது. 250க்கு 250 என்று மைதா ஒரு கப், சர்க்கரை ஒரு கப் போட்டுவிட்டேன். வெண்ணெய் மட்டும் அரைக் கிலோ கட்டியில் பாதி வெட்டியதால் சரியாக விழுந்தது. ஓவனிலிருந்து எடுத்ததும் கேக்கின் நடுப்பகுதி குழியாக இறங்கிவிட்டது, அடியில் வெண்ணெய் கசிந்து நின்றது. தேர்வாளர் ஒரு துண்டு வெட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மாவு எங்கே?" என்று கேட்டார். அந்தக் கப்பில் பிடித்தது ஏறக்குறைய 130 கிராம் மைதா. பாதி மாவைப் போடவே இல்லை.

வீட்டில் அழுதுகொண்டே சொன்னபோது ஆயா கேட்டது ஒரே கேள்விதான்: "படி அரிசியும் படி பொரியும் ஒரே கனமாடி?" ஆழாக்கு, உழக்கு, படி என்று அளந்தே வாழ்ந்தவர். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று அவரிடம் கேட்டு வளர்ந்த எனக்கு இது தோன்றாமல் போனதே என்று இருந்தது. படியும் கப்பும் இடத்தை அளக்கும், தராசு கனத்தை அளக்கும்.

அப்புறம் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, ஒரு 240 மில்லி கப்பை வைத்துக்கொண்டு நானே அளந்தேன். நீங்களும் கப்பைக் கிராமாக மாற்றும் அட்டவணையை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் ஒரு மாலை இதைச் செய்து பாருங்கள். தண்ணீர் 240 கிராம். சர்க்கரை 200. எண்ணெய் 220க்குச் சற்றுக் குறைவு. தேன் 340. மைதாதான் ஆளை ஏமாற்றும். சலித்து, கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டு, தலைதட்டினால் 120. அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 வரை ஏறும். நம் ஊர் கடல் காற்றிலும் கார்த்திகை மழையிலும் மாவு கட்டி தட்டும், அதனால் சலிக்காமல் அளக்கவே அளக்காதீர்கள்.

நான் பிடித்துக்கொண்டது கிராம் கணக்கை அல்ல, தண்ணீரோடு ஒப்பிட்ட கணக்கை. ஒரே பாத்திரத்தில் தண்ணீர் எவ்வளவு கனமோ, மைதா அதில் பாதி. சர்க்கரை ஆறில் ஐந்து பங்கு. எண்ணெய் பத்தில் ஒன்பது பங்கு. எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டர் என்றும் 910 கிராம் என்றும் சேர்த்தே போட்டிருப்பார்கள். தேன் தண்ணீரைவிடக் கனம், 1.4 மடங்கு. இது தெரிந்தால் எந்தக் கப், எந்த டம்ளர் கொடுத்தாலும் கவலை இல்லை.

எழுத்துத் தேர்வில் அவுன்ஸில் கவனமாக இருங்கள். எடை அவுன்ஸ் 28 கிராம் சொச்சம், திரவ அவுன்ஸ் 30 மில்லிக்குச் சற்றுக் குறைவு. கேள்வியில் மாவா பாலா என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15. ரொட்டிக்கு மட்டும் கப் பக்கமே போகாதீர்கள், அங்கே எல்லாமே மாவின் எடைக்கு இத்தனை சதவீதம் என்றுதான். 1 கிலோ மாவுக்கு உப்பு 2 சதவீதம் என்றால் 20 கிராம், அவ்வளவுதான்.

இரண்டாவது முறை போனபோதும் அதே தராசு, அதே வரிசை. என் முறை வந்ததும் வெறும் கப்பை வைத்துப் பூஜ்யமாக்கி, தண்ணீர் நிரப்பி எடை பார்த்தேன். 205 கிராம். கப்பைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டேன். மைதா ஒரு கப் 102, ஆகவே இரண்டரை கப். சர்க்கரை ஒரு கப் 170, ஆகவே ஒன்றரை. மற்றவர்கள் இன்னும் வரிசையில் நிற்க, நான் வெண்ணெயைக் குழைக்க ஆரம்பித்திருந்தேன்.