தவிட்டு ஜாடி

ஜூன் 24
மழை. ஆம்புலன்சில் ஏற்றும்போதுகூட, ஜப்பானில் நான் தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டி காய்களைப் புதைத்து ஊறவைக்கும் தவிட்டு ஜாடியைப் பற்றித்தான் சொன்னார். "காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. வெறுங்கையால். அடிவரைக்கும்."

ஜூன் 25
இடுப்பு எலும்பாம். ஆபரேஷன் நாளை மறுநாள்.
இரண்டு தடவை கிளறினேன்.

ஜூன் 26
தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

ஜாடி அடுப்படி மூலையில் தரையில் இருக்கிறது. பழுப்பு மெருகு, வாய் அகலம், மேலே மரமூடி. கையை விட்டால் முழங்கை வரை போகும். ஈர மணலுக்கும் பிசைந்த சத்துமாவுக்கும் நடுவில் ஒரு பதம். அரிசித் தவிடு, உப்பு, காய்ந்த மிளகாய், ஒரு துண்டு கொம்பு (இந்த ஊரில் கொம்பு என்றால் கடற்பாசி, முதல் வாரம் நான் பட்ட குழப்பம் தனிக்கதை), அப்புறம் கை நிறைய சான்ஷோ என்கிற ஜப்பானிய மிளகு. இந்தக் கொகுரா ஊர் ஜாடிகளில் சான்ஷோ தாராளமாகப் போடுவார்கள். நாக்கில் பட்டால் மரத்துப்போகும். இதன் ஜப்பானியப் பெயரை, நுகாதோகோ என்று எனக்கு இன்னும் ஒரே மூச்சில் சொல்ல வருவதில்லை, அதனால் ஜாடிதான்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "தவிடா? மாட்டுக்குல்லடா வைப்போம்!" என்று சிரித்தாள். வெறுங்கையை உள்ளே விடுகிறேன் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி போனாலே அன்று பெரிய ரகளை. கை போவது என்ற பேச்சே கிடையாது. இங்கே கை போகாவிட்டால்தான் கெட்டுப்போகும். காற்றுப் பிடிக்காத கிருமிகள் அடியில், காற்று வேண்டியவை மேலே. மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் தள்ளுவதுதான் தினமும் இரண்டு வேளை வேலை. கையில் ஒட்டியிருக்கும் கிருமியும் சேர்ந்துகொள்ளும், அதனால் வீட்டுக்கு வீடு ருசி மாறும் என்பார் பாட்டி.

அப்படியானால் இப்போது யார் கை ருசி அது?

ஜூன் 27
ஆபரேஷன் முடிந்தது. பார்க்க விடவில்லை.

ஜூன் 28
ஒசாகாவிலிருந்து மகள் பேசினார். ரொம்ப மரியாதை, ரொம்ப நன்றி. அப்புறம், "அந்த ஜாடியைக் கொட்டிவிடுங்கள், உங்களுக்கு எதற்குச் சிரமம்? கடையில் பையிலேயே கிடைக்கிறதே" என்றார்.
"ஹை" என்றேன். இங்கே 'ஹை' என்றால் சரி என்றும் அர்த்தம், காதில் விழுந்தது என்றும் அர்த்தம். நான் சொன்னது இரண்டாவது.

ஜூலை 1
வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. மெல்லிசாக, பால் ஆடை மாதிரி. வயிற்றைக் கலக்கிவிட்டது. நேற்று ராத்திரி ஒரே ஒரு வேளை விட்டேன். ஒரே ஒரு வேளை!

போட்டோ எடுத்துக்கொண்டு தங்கா சந்தைக்கு ஓடினேன். 2022இல் ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை என்று ஒரே வருடத்தில் இரண்டு தீ விபத்தைக் கண்ட சந்தை. ஆற்றின் மேலேயே நீட்டிக் கட்டிய பழைய கடைகள் பல இப்போது இல்லை. மிச்சமிருந்ததில் ஒரு நுகாதாகி கடை. மத்தி மீனையும் கானாங்கெளுத்தியையும் இதே தவிட்டைப் போட்டு சோயாவில் கொதிக்கவிட்டு, பழுப்பாகச் சுண்டவைத்து விற்கிறார்கள். நான் மீன் தொடாதவன், ஆனாலும் அந்த வாசனைக்கு நின்றுவிடுவேன்.

கடைக்கார அம்மா போட்டோவைப் பார்த்து, "இதற்கா இவ்வளவு வேர்வை? உள்ளே புரட்டிவிடு. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புதுத் தவிடு. நெயில் பாலிஷ் மாதிரி வாசனை வந்தால் மட்டும் பயப்படு" என்றார். யார் வீட்டு ஜாடி என்று கேட்டார். சொன்னேன். ஒரு கைப்பிடி சான்ஷோ கட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

ஜூலை 2
நெயில் பாலிஷ் வாசனை இல்லை.

ஜூலை 3
இருப்பதுபோலும் இருக்கிறது.

ஜூலை 5
கலாச்சாரப் பரிமாற்றக் கூட்டத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். 13ஆம் தேதி பாட்டி தவிட்டு ஊறுகாய் செய்துகாட்டுவதாக இருந்தது. அவர் வர முடியாததால் அந்த நேரத்தில் ஓரிகாமி வைத்துவிடலாமாம். நானும் வந்து இந்தியக் கறி செய்ய முடியுமா, முடிந்தால் கொஞ்சம் நடனம்? எனக்கு ஆடத் தெரியாது என்று சொல்லிப் புரியவைக்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

ஊறுகாயை நான் செய்துகாட்டுகிறேன் என்றேன். மறுமுனையில் நீண்ட மௌனம். "வாசனை..." என்று இழுத்தார்கள்.

அப்புறம் கத்தரிக்காய். பாட்டி போடும் கத்தரிக்காய் ஊதா மாறாமல் பளபளவென்று வெளியே வரும். நான் போட்டது அழுக்குத் துணி நிறத்தில் வருகிறது. உப்புத் தேய்த்துப் பார்த்தேன், பயனில்லை.

ஜூலை 8
பாட்டியைப் பார்த்தேன். இளைத்துவிட்டார். வெள்ளரிப் பிஞ்சு நாலு வில்லை டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். நர்ஸ் தலையசைத்துவிட்டார், வெளி உணவு கூடாது, அதுவும் உப்பு.

பாட்டி என் வலது கையைப் பிடித்து இழுத்தார். குலுக்கப் போகிறார் என்று நினைத்தேன். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, விரல் இடுக்கில் முகர்ந்தார். நாலைந்து மூச்சு. சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத வாசனை அது, ரயிலில் எனக்கே கூச்சமாக இருக்கும்.

"புளிப்பு ஏறியிருக்கிறது. கடுகுப் பொடி போடு," என்றார். அப்புறம், "நீ அடிவரைக்கும் போகவில்லை."

போகிறேன், பாட்டி. சத்தியமாகப் போகிறேன்.

கத்தரிக்காயைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 9
கடுகுப் பொடி போட்டேன். அடிவரைக்கும் போனேன். போனதாகத்தான் நினைக்கிறேன்.

ஜூலை 13
முடிந்தது. முதுகு வலி.

ஜாடியைத் தூக்க முடியாது, அதனால் பாதித் தவிட்டை டப்பாவில் அள்ளிக்கொண்டு போனேன். என்னை ஜன்னலோர மேஜையில் போட்டார்கள். பின்னால், ஜப்பானிய உணவு மரபு 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததைச் சொல்லும் பெரிய பேனர். முன்னால் கிமோனோ போட்டுப் படம் எடுக்கும் வரிசை, தேநீர், ஓரிகாமி. எல்லாமே அழகு, எதிலும் கை அழுக்காகாது.

பாட்டி எழுதி வைத்திருந்த தாளை வாசித்தேன். 1602இல் இங்கே கோட்டை கட்டத் தொடங்கியவர் ஹொசோகாவா ததாஓகி; 1632இல் அந்தக் கோட்டைக்குப் பிரபுவாக வந்த ஒகசவாரா ததசானேதான் இந்தப் பழக்கத்தை ஊருக்குள் கொண்டுவந்தார் என்று சொல்வதுண்டாம். தாளில் இல்லாத ஒன்றை நானே சேர்த்தேன்: இப்போது நிற்கும் கோட்டைக் கோபுரம் 1959இல் திரும்பக் கட்டியது, இந்தத் தவிடு பாட்டியின் அம்மா கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்தது. கோட்டையைவிட மூப்பு. இரண்டு பெரியவர்கள் சிரித்தார்கள்.

முதலில் கையை விட்டவர் ஒரு நேபாள மாணவி. முகர்ந்துவிட்டு "குந்த்ருக்!" என்று கத்தினார். அவர்கள் ஊரில் கீரையைப் புளிக்கவைத்துக் காயவைப்பார்களாம். அப்புறம் உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பெண்கள் மூன்று பேர். கொகுராவிலேயே பிறந்தவர்கள், ஒருவரும் இதுவரை தொட்டதில்லை. ஒருத்தி பிளாஸ்டிக் கையுறை கேட்டாள். கூடாது என்றேன், பாட்டியின் குரலிலேயே. அவள் கையை விட்டதும் "சூடா இருக்கு" என்றாள். உண்மைதான், உயிர் இருக்கிறதல்லவா? அவளுக்குக் கொஞ்சம் கட்டிக்கொடுத்தேன். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கப்போன ஞாபகம் வந்தது. கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பாள் அம்மா.

கறி கேட்டவர்களுக்குக் கறி கிடைக்கவில்லை. வருத்தமில்லை.

ஜூலை 14
அள்ளிய பாதியைத் திரும்பப் போட்டேன். இத்தனை பேர் கை பட்டதை. சரிதானா? ராத்திரி மூன்று தடவை எழுந்து மூடியைத் திறந்தேன்.

ஜூலை 19
கியோன் திருவிழா மேளம். நடந்தபடியே இழுத்துப்போகும் வண்டியில் மேளத்தின் இரண்டு பக்கமும் அடிக்கிறார்கள், ஜங்கரா தாளம் கூடவே சுதி பிசகாமல். ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கேட்குமா என்று அங்கே போய் நின்று பார்த்தேன். கேட்கவில்லை.

ஜூலை 27
35 டிகிரி. ஜாடி ஃப்ரிட்ஜில் நுழையாது. பகலெல்லாம் ஏசி ஓடுகிறது, எனக்காக அல்ல.

ஆகஸ்ட் 2
மகள் வந்தார். பெட்டியில் துணி எடுத்துக்கொண்டார். பாட்டியை ஒசாகா பக்கம் ஒரு மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றப்போகிறார்களாம். ஜாடியைத் திறந்தார். "பள்ளிக்கூடத்தில் இந்த வாசனைக்காகவே என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்" என்றார். மூடிவிட்டார். டாக்சி வந்துவிட்டது.

கொட்டிவிடுங்கள் என்று இந்த முறை சொல்லவில்லை. வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9
மேகமே இல்லை. கட்சுயாமா பூங்காவுக்குப் போனேன். 1945இல் இதே தேதியில், இதே இடத்தில் இருந்த ஆயுதத் தொழிற்சாலையைத்தான் அமெரிக்கர்கள் அணுகுண்டோடு குறி வைத்து வந்தார்கள். மூன்று முறை சுற்றியும் மேலே மூட்டம், கீழே தெரியவில்லை. முந்தின நாள் குண்டுவீச்சில் பக்கத்து யஹாதா நகரம் எரிந்த புகையும் சேர்ந்திருக்கும் என்கிறார்கள். விமானம் நாகசாகிக்குப் போனது. பூங்காவில் நாகசாகியின் மணி ஒன்று தொங்குகிறது.

அன்று காலை தன் அம்மா ஜாடியைக் கிளறிக்கொண்டிருந்தாள் என்று பாட்டி சொல்வார். நாலு வயதுக் குழந்தைக்கு அது ஞாபகம் இருக்குமா? கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து கிளறினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10
என் விசா செப்டம்பர் வரைதான்.

ஆகஸ்ட் 11
ராத்திரிக் கிளறல். தோள்பட்டை ஜாடி விளிம்பில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, சுவரோரமாக விரலை ஓட்டிக்கொண்டே போனேன். கீழே, ஒரு மூலையில், கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். சின்னத் துணி முடிச்சு, கறுத்துப்போனது. அவிழ்த்தால் துருப்பிடித்த மூன்று இரும்பு ஆணி.

கத்தரிக்காய்!

திரும்ப முடிந்து கத்தரிக்காய் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் புதைத்தேன். நாளைக் காலை சந்தை திறந்ததும்