முட்டைக் கணக்கு

“முட்டைக்குக் கணக்கு இருக்கேம்மா.” நான் சொன்னது இவ்வளவுதான். அதில் தப்பு எங்கே என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. ஆனாலும் விட மாட்டேன் என்கிறது.

எங்கள் பள்ளிச் சத்துணவுக்கு நான்தான் அமைப்பாளர். கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பெண். பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டு கழுவிக்கொண்டிருந்த நேரம். ஸ்டோர் ரூம் கதவோரம் வந்து நின்று, “டீச்சர், பேர் எழுதாம சோறு போடுவீங்களா?” என்று கேட்டாள்.

காலையில் வகுப்பில் “சத்துணவு சாப்பிடறவங்கள்லாம் எந்திரிங்க” என்பார்கள். எழுந்த தலைகளை எண்ணி எனக்குச் சீட்டு வரும். அதை வைத்துத்தான் ஆளுக்கு 150 கிராம் அரிசி, ஒரு முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். எத்தனை முட்டை அவிந்தது, எத்தனை மிச்சம் என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். திடீரென்று ஆபீசர் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவள் நான். சோற்றை யாரும் எண்ணப்போவதில்லை, போட்டிருக்கலாம். ஆனால் எல்லாரும் முட்டையோடு சாப்பிட்ட இடத்தில் இவளுக்கு மட்டும் வெறும் சோறா என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்தில் வாயில் வந்தது கணக்கு. “அப்ப வேணாம் டீச்சர்” என்று போய்விட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆயா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார்: “இன்னாத்துக்கு பேரு? பசிச்ச புள்ளைக்கு ரெண்டு கரண்டி போட்டு அனுப்ப வேண்டியதுதானே?” ஆயாவுக்கென்ன, பதிவேட்டில் கையெழுத்து போடுவது அவரா?

சரி, பேர் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்றும் தோன்றியது. அரசாங்கம் போடுகிற சோறு, யார் வீட்டுப் பிச்சையும் இல்லை. அப்புறம் விசாரித்தால், அவள் அம்மா விடியும் முன்னே ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுகிறவர். தொடக்கப்பள்ளியில் படிக்கிற தம்பிக்குக் காலை உணவும் உண்டு, மதியமும் உண்டு. இவளுக்கு மதியம் மட்டும்தான், அதற்கும் டிபன் பாக்ஸ் கொண்டுவருகிற தோழிகளுக்கு நடுவில் எழுந்து நிற்க வேண்டும். பதினாலு வயசில் நான் நின்றிருப்பேனா என்றால், தெரியவில்லை. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். வெஜிடபிள் பிரியாணியும் மிளகு முட்டையும் போடுகிற திங்கட்கிழமை எழுந்து நிற்க யாருக்கும் கூச்சமில்லை. சாம்பார் சாதம் என்றால்தான் பாதிப் பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம் பதினோராம் வகுப்புப் பையன்கள். போன வருஷம்வரை என்னிடம் சாப்பிட்டவர்கள். 1982-ல் தொடங்கிய திட்டம் 1984-ல் பத்தாம் வகுப்புவரை நீண்டது, அதற்கு மேல் போகவில்லை. இவர்கள் வெட்கமே இல்லாமல் வந்து, “டீச்சர், மிச்சம் இருக்கா?” என்று தட்டை நீட்டுவார்கள். எழுதக்கூடாத பேர்கள் வாசலில் நிற்கின்றன, எழுத வேண்டியவள் எழுதாதீர்கள் என்கிறாள். இதை எந்தக் கூட்டத்தில் போய்ச் சொல்வது?

ஹெச்எம்மிடம் மட்டும் சொன்னேன். இப்போது யாரும் எழுந்து நிற்பதில்லை. வேண்டியவர்கள் பேர் எழுதிய தாளை மடித்து லீடர் கொண்டுவந்து தருகிறான். அதன்பிறகு சில புதுப் பேர்கள் வந்தன. அவள் பேர் இல்லை. வகுப்பு டீச்சரைக் கேட்டால், “அது பாக்ஸ் கொண்டாருதே” என்கிறார். பாக்ஸில் என்ன இருக்கிறது என்று அவரும் பார்த்ததில்லை. கூப்பிட்டுக் கேட்கலாம்தான். கேட்டால் அவளை மறுபடியும் நாலு பேர் முன்னால் நிறுத்தினதாக ஆகிவிடுமோ என்று விட்டுவிட்டேன். இல்லை, அதுவும் எனக்குச் சௌகரியமான காரணம்தானோ என்னவோ.

ஆயா என்னைக் கேட்காமலே தினமும் ஒரு பிடி அரிசி கூடப் போட்டுத்தான் உலை வைக்கிறார். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன். அந்தச் சோற்றைப் பதினோராம் வகுப்புப் பையன்கள்தான் சாப்பிட்டுப் போகிறார்கள்.